பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பலகை

இரண்டு வருடத்துக்கு முன்னால், செப்டம்பரில், என் அப்பா மின்கம்பத்திலிருந்து விழுந்தார். காரணம் குடைமிளகாய்.

மின் கம்பெனியின் விசாரணை அறிக்கை இதை "மூன்றாம் நபரின் அனுமதியற்ற தலையீடு" என்று குறிப்பிடுகிறது. அறிக்கை எழுதியவர்கள் தலைநகர் சோபியாவில் இருக்கிறார்கள். அவர்கள் தொக்கைக் கடையில் வாங்குகிறவர்கள். எங்கள் பக்கத்தில் செப்டம்பர் பிறந்தால் எல்லா முற்றத்திலும் குடைமிளகாய் சுட்டு, தோலுரித்து, குளிர்காலம் முழுமைக்கும் தொக்கு கிண்டி ஜாடியில் அடைத்தாக வேண்டும். மிளகாய் சுடுவதற்கென்றே ஒரு மின்சார அடுப்பு உண்டு. சுஷ்கோபெக் என்று பெயர். வாளி அளவுதான் இருக்கும், ஒரு கிலோவாட் தின்னும். ட்ரென்கா கிராமத்தில் நூற்றுப் பத்து வீடுகள். நல்ல வெயில் நாளில் நூற்றுப் பத்து அடுப்பும் ஒன்றாகச் சிவக்கும். அந்த ஊருக்கு மின்மாற்றி வைத்தவர் பல்பையும் ரேடியோவையும் கணக்கில் எடுத்திருக்கிறார். மிளகாயை எடுக்கவில்லை.

ஆகவே வருடா வருடம் ஏதாவது ஒரு கம்பத்தில் இணைப்பு கருகும். லைன்மேனான என் அப்பா ஸ்டாமென் போவார். ஊர் நடுவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி மின்மாற்றி அறை. உள்ளே போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்து, கதவுக்குக் கம்பெனிப் பூட்டு போட்டு, "இயக்காதே! ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற பலகையை மாட்டிவிட்டு, கருகிய கம்பத்துக்கு நடப்பார். ஏறுவார். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவி வைத்துப் பார்ப்பார். அதன்பின் எர்த் கவ்விகளை மாட்டுவார். மாட்டி முடித்துவிட்டால் ஊரில் யார் என்ன செய்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. அறையில் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். மாட்டுகிற வரைக்கும்தான் வில்லங்கம். நடை எட்டு நிமிடம், ஏற்றம் இரண்டு, சோதனையும் மாட்டலும் இரண்டு. ஆக, பன்னிரண்டு நிமிடம்.

அந்த வருடம் பதினோராவது நிமிடத்தில் க்ரூதி அண்ணன் பூட்டை வெட்டிக் கைப்பிடியை மேலே தள்ளினார்.

க்ரூதி அண்ணனுக்கு வயது எழுபத்தொன்று. ஊர்க் கூட்டுப் பண்ணையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பண்ணையைக் கலைத்து முப்பது வருடம் ஆகிறது. அவரிடமிருந்த மின்மாற்றி அறைச் சாவியை மட்டும் யாரும் கலைக்கவில்லை. ட்ரென்காவில் கரண்ட் போனால் கம்பெனிக்குப் போன் செய்கிற வழக்கமே கிடையாது. முற்றத்திலிருந்து "க்ரூதீ!" என்று கத்துவார்கள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்க் கைப்பிடியைத் தள்ளிவிட்டு வருவார். பூட்டு தொங்கினால் அதற்கு அவரிடம் ஒரு நீளமான வெட்டுக் கத்தரி இருந்தது.

கவ்வியின் செப்புக் கம்பி அப்பாவின் முன்கையில் உரசிக்கொண்டிருந்தது. கை கருகியது. விழுந்தபோது பாதித் தூரத்தைப் பெல்ட் தாங்கியது. மீதித் தூரத்தை இடது கால் தாங்கியது.

க்ரூதி அண்ணன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஜாடி தொக்கோடு வந்தார். அதே மிளகாயில் செய்தது.

"தம்பி ஸ்டாமென், நீ மேல இருக்கன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"கதவுல பலகை மாட்டியிருந்தேனே அண்ணே."

"எந்தப் பலகை? ஆட்கள் வேலை செய்கிறார்கள், அதுவா? அது பிரெஷ்னேவ் காலத்துலேர்ந்து தொங்குது. முதல்ல மாட்டினவனே நான்தான். இன்னிக்கு வரைக்கும் அங்க எந்த ஆளும் வேலை செஞ்சு நான் பாத்ததில்ல."

"பூட்டு?"

"எவனோ மறந்து பூட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். இங்க அறுபது கிலோ மிளகா பாதி வெந்து நிக்குது. மீத்தா வேற உசிர வாங்குறா."

மீத்தா அவருடைய மனைவி. அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, அதில் நியாயம் இருப்பதாகத் தலையசைத்தார். பிறகு ஒரு கரண்டி தொக்கை வாயில் போட்டார்.

"உப்பு கம்மி," என்றார். அந்த விபத்தைப் பற்றி அவர் க்ரூதி அண்ணனிடம் சொன்ன ஒரே குறை அதுதான்.

மார்ச்சில் அப்பா வேலைக்குத் திரும்பினார். எனக்குக் கல்லூரியில் மூன்றாம் வருடம், மின் பொறியியல். செயல்முறைப் பயிற்சிக்கு என்று அவருடைய பிரிவிலேயே சேர்ந்துகொண்டேன். கம்பம் ஏறுகிற வேலைக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. அப்பாவோடு போன இரண்டாவது ஆள் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. விதி மட்டும் ஓய்வு பெறவில்லை. காகிதத்தில் நான் இரண்டாவது ஆள் ஆனேன். இரண்டாவது ஆள் கம்பத்தடியில் கயிற்றோடு நிற்க வேண்டும். மின்மாற்றி அறை வாசலில் நிற்க மூன்றாவது ஆள் வேண்டும். மூன்றாவது ஆள் இல்லாத இடத்தில்தான் உலகத்துக்குக் கண்டுபிடிப்புகள் தேவைப்படுகின்றன.

மே மாதத்தில் ஒரு சின்ன வேலை. கீழே கயிற்றோடு நின்று அண்ணாந்து பார்த்தேன். அப்பா கையில் கவ்வியை வைத்துக்கொண்டு கவ்வியைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவ்வி கம்பியில் உட்காராமல் நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி ஊரைப் பார்த்தார். மறுபடி நழுவியது. இருபத்தாறு வருடமாக அந்தக் கவ்வியை மாட்டுகிறவர். இறங்கி வந்து, "காத்து ஜாஸ்தி," என்றார். இலை அசையவில்லை.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தச் செப்டம்பர் ஒண்ணுதான் உனக்கு," என்றாள் அப்பாவிடம். "அதுக்குள்ள அந்தக் கதவ யாரும் தொட மாட்டாங்கன்னு ஒரு ஏற்பாடு நடக்கணும். இல்லேன்னா பிளாவ்டிவுக்குப் போற, எங்கண்ணன் டயர் குடோன்ல உக்கார்ற."

"டயர் நாத்தம் எனக்கு ஒத்துக்காது சோன்கா."

"பொண நாத்தம் ஒத்துக்குமா?"

அப்பா சூப் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் ஏறத் தெரிந்த மனிதரை டயர் எண்ண வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் விழுந்து இறப்பதும் சரியாகப் படவில்லை. பன்னிரண்டு நிமிடம் கதவை மூடி வைக்க வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி வருடா வருடம் பாதுகாப்புக் கண்டுபிடிப்புப் போட்டி நடத்துகிறது. ஒரு வருடம், கதவைத் திறந்தால் கூவுகிற கருவிக்குப் பரிசு கிடைத்தது. பஸ் ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்து ஜனங்கள் கதவிலிருந்து விலகாமல் சாலையிலிருந்து விலகினார்கள். அதற்கடுத்த வருடம், இருட்டில் ஒளிரும் பெயின்ட். வேலை நடப்பது பகலில். அப்பா விழுந்த வருடம் முதல் பரிசு ஒரு காபிக் குவளைக்கு. கம்பம் ஏறுமுன் லைன்மேன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய பன்னிரண்டு கேள்விகளை அதில் அச்சடித்திருந்தார்கள். அப்பாவுக்கும் ஒன்று வந்தது, ஆஸ்பத்திரி முகவரிக்கு.

என் யோசனை எளிது. "ஆட்கள்" என்றால் யாரும் இல்லை. க்ரூதி அண்ணனுக்கு ஆட்களோடு பழக்கம் இல்லை. ஸ்டாமெனோடு பழக்கம் உண்டு. ஆகவே பலகையில் ஆட்களை எடுத்துவிட்டு ஸ்டாமெனைப் போட வேண்டும். முகம், பெயர். ஒரு முகத்துக்கு முன்னால் கைப்பிடியைத் தள்ள மனிதனுக்குக் கூச்சம் வரும் என்று எங்கள் பாடப் புத்தகத்திலேயே ஒரு பத்தி இருந்தது. தேர்வில் வராத பத்தி.

பிரிவின் பாதுகாப்புப் பொறியாளர் பென்சேவா மேடம். நல்லவர். படிவங்களை மனிதர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக நம்புகிறவர். நான் வரைந்து போன முதல் மாதிரியை மேசையில் வைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிறந்த வருஷம் எங்க?"

"பிறந்த வருஷம் எதுக்கு மேடம்?"

"நம்ம கம்பெனியில ஸ்டாமென் இலியேவ் ரெண்டு பேர் இருக்காங்க. இன்னொருத்தர் வர்னாவுல. கரண்ட் யார் மேல பாயுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பிறந்த வருடம் சேர்த்தேன்.

"வேலை நடக்குற தேதி?"

"அத எங்க போடறது?"

"பிறந்த வருஷத்துக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு கோடு இழுத்துப் போட்டுடுங்க. இடம் மிச்சம். சுத்திக் கட்டம் பத்து மில்லிமீட்டர், கறுப்பு. தூரத்துலேர்ந்து கண்ணுல படணும்னு விதியே இருக்கு."

புகைப்படத்துக்கு அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினேன். கல்லூரி அச்சுப் பொறியில் வண்ண மை தீர்ந்து இரண்டு பருவம் ஆகியிருந்தது, எனவே கறுப்பு வெள்ளை. கீழே மனதைத் தொடுகிற மாதிரி ஒரு வரி வேண்டும் என்றார் மேடம். "மனைவி சோன்கா, மகன் யாசென்" என்று எழுதினேன். மேடம் படித்தார். கண் லேசாகக் கலங்கியது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு யாசென். எங்கயோ பாத்த மாதிரியும் இருக்கு."

மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் எழுத்தின் அளவைச் சரிபார்த்தார், ஒருவர் பிளாஸ்டிக் உறையை, ஒருவர் மேல் துளையை. முழுப் பலகையையும் பார்ப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அப்பாதான் கொஞ்சம் தயங்கினார்.

"டேய், இதுல நான் ஏண்டா இப்படி இருக்கேன்?"

"அடையாள அட்டை போட்டோப்பா."

"செத்தவன் மாதிரி இருக்கு."

"அதுல எல்லாருமே அப்படித்தாம்பா இருப்பாங்க."

அது உண்மை என்பதால் அவர் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் இரண்டாவது வியாழன் காலை ட்ரென்காவில் இணைப்பு கருகியது. மிளகாய்க்கு ஏற்ற வெயில். பத்து மணிக்கு மின்மாற்றி அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரிலேயே பஸ் ஏறுகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இரும்புக் கதவு அது ஒன்றுதான், எனவே அஞ்சலித் தாள்களை அதில்தான் ஒட்டுவார்கள். அன்றைக்கு நான்கு இருந்தன. ஒருவருக்கு நாற்பதாம் நாள், ஒருவருக்கு ஆறு மாதம், இரண்டு பேருக்கு வருடம். மண்டை ஓடும் மின்னலும் போட்ட கம்பெனியின் அபாய எச்சரிக்கை, பென்கா என்ற அம்மாளின் நாற்பதாம் நாளுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அப்பா கைப்பிடியை இழுத்தார். முற்றங்களிலிருந்து "போச்சு!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. கதவைப் பூட்டினார். நான் புதுப் பலகையைப் பூட்டிலேயே மாட்டினேன். பக்கத்துத் தாள்களில் இருந்த நான்கு பேரும் மழையில் நனைந்து சாயம் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் என் அப்பா பளிச்சென்று இருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தோம்.

கம்பம் ஊர்க் கோடியில், வால்நட் மரத்தை அடுத்து. அப்பா கொக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். கருவியை வைத்துப் பார்த்தார், மின்சாரம் இல்லை. கவ்வியை எடுத்தார். அப்போதுதான் அதன் திருகு துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. போனது.

"எண்ணெ அனுப்பு," என்றார். கயிற்றில் கட்டி அனுப்பினேன். பதினைந்து. திருகு கால் சுற்று வந்து நின்றது. அப்பா ஊரைப் பார்த்தார். பதினெட்டு.

"இறங்கிடுங்கப்பா. கவ்விய மாத்திட்டு ஏறலாம்."

"வண்டியில வேற கவ்வி கிடையாது. சும்மா இரு."

இருபத்து மூன்றாவது நிமிடம். அதுவரை கம்பியில் உயிர் வரவில்லை. அந்த ஊரில், செப்டம்பரில், இருபத்து மூன்று நிமிடம் கரண்ட் இல்லாமல் யாரும் கைப்பிடியைத் தொடாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. என் கண்டுபிடிப்பு வேலை செய்கிறது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கோயில் மணி ஒலித்தது. ஒரு அடி, இடைவெளி, இன்னொரு அடி. சாவு மணி.

"யாரோ போயிட்டாங்க," என்றார் அப்பா மேலிருந்து.

"யாரா இருக்கும்?"

"நெத்காவோட மாமியா ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. இல்லேன்னா அந்தத் தபால்காரர். போன மாசமே மூஞ்சி சரியில்ல."

ஹெல்மெட்டைக் கழற்றி, கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"நல்ல மனுஷன்," என்றார்.

"யாருப்பா?"

"யாரா இருந்தாலும்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திருகை இன்னொரு முறை முறுக்கினார். சுற்றியது. கவ்விகள் உட்கார்ந்தன. முப்பத்தோராவது நிமிடம். இனி யார் என்ன செய்தாலும் கவலையில்லை. மரத்தடியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. நகரத்தில் பேக்கரி வேலையில் இருக்கும் அம்மா.

"யாசென்." குரல் ஏதோ பாட்டிலுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மீத்தா போன் பண்ணினா. அப்பா எங்கடா?"

"மேல இருக்காரும்மா."

மறுமுனையில் ஏதோ தட்டுகள் விழுந்த சத்தம். நான் போனை அண்ணாந்து பிடித்தேன்.

"அப்பா, அம்மா பேசறாங்க."

"வேலையா இருக்கேன்னு சொல்லு!" என்று அப்பா கத்தினார்.

அம்மா அதைக் கேட்டாள். பிறகு அவள் சொன்ன வார்த்தைகளைப் பென்சேவா மேடத்தின் படிவம் எதிலும் நிரப்ப முடியாது.

வேலை முடித்து மின்மாற்றி அறைக்குத் திரும்பியபோது அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். கதவுக்கு முன் கம்பெனி வைத்த தீயணைப்பு மணல் வாளியில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அந்த வாளியை வைத்த நாளிலிருந்து யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. பூக்கள், சாவுக்குக் கொண்டுவருகிற வழக்கப்படி இரட்டைப்படையில். அக்கம்பக்கத்தில் பேரம் பேசி எங்கோ ஒரு வீட்டு வருட நினைவுக்கு அவித்த கோதுமையைத் தட்டோடு கொண்டு வந்திருந்தார்கள். மேலே சர்க்கரைத் தூளில் சிலுவை. எல்லோரும் கதவைப் பார்த்து நின்றதால் பின்னால் வந்த எங்களை யாரும் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்த பெஞ்சில் க்ரூதி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். மடியில் வெட்டுக் கத்தரி.

"பூட்ட வெட்டலாம்னுதான் வந்தேன்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "கத்தரி வாய வெச்சுட்டேன் பூட்டுல. நிமிந்தா இவன் பாக்குறான். மனைவி சோன்கா, மகன் யாசென். இன்னிக்குத் தேதி. அப்படியே கை விட்டுப் போச்சு."

"விதி க்ரூதி, யார் என்ன பண்ண முடியும்?" என்றார் ஒருவர்.

"விதியா? நான்தாண்டா கொன்னேன்! போன வருஷம் கைப்பிடியத் தள்ளினது யாரு, விதியா? அந்த அடி உள்ளுக்குள்ளயே இருந்து இப்பக் கொண்டுபோயிருக்கு. அது மட்டுமா? மேயர் பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் நான்தான் தள்ளினேன். கால்பந்து இறுதிப் போட்டியன்னிக்கும் நான்தான். அன்னிக்கெல்லாம் மேல யார் இருந்தான்னு ஒரு தடவ, ஒரே தடவ, போய்ப் பாத்தேனா? பாக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில என்னை ஒரு வார்த்த திட்டல. உப்பு கம்மின்னுதான் சொன்னான்."

அப்பா நெத்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். க்ரூதி சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும். ஹெல்மெட் காதை மறைக்கும்.

"யாரு நெத்கா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "உன் மாமியாரா?"

"வாய்ல அடி. அது கல்லு மாதிரி இருக்கு," என்றாள் நெத்கா திரும்பாமலே. "லைன்மேன் ஸ்டாமென். போன வருஷம் விழுந்தாரே, அவரு."

"அடப்பாவமே," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ இடித்தது. நெத்காவும் அப்போதுதான் திரும்பினாள். கையிலிருந்த பூக்களால் அவர் முகத்தில் அடித்தாள், முதலில் பயத்தில் ஒரு முறை, பிறகு கோபத்தில் இரண்டு முறை. கூட்டம் விலகியது. யாரோ சிலுவைக் குறி போட்டார், யாரோ துப்பினார், மெழுகுவர்த்தி விற்ற கோயில் பணியாள் நைசாகக் கிளம்பினார்.

க்ரூதி அண்ணன் எழுந்தார். பலகையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். பலகையில் இருந்தவர்தான் அவருக்கு அதிக நம்பிக்கை தந்தது போலிருந்தது.

"அப்ப இது என்னடா?"

"பாதுகாப்புக் கண்டுபிடிப்பு அண்ணே," என்றார் அப்பா. "பையன் பண்ணினது."

"எதுலேர்ந்து பாதுகாப்பு?"

"உங்ககிட்டேர்ந்து."

க்ரூதி அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். முப்பது வருடம் வைத்திருந்த சாவியை எடுத்து அப்பாவின் கருகின கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எனக்குக் கோபம் வர்றதுக்குள்ள வாங்கிக்க," என்றார்.

அரை நிமிடத்தில் கோபம் வந்தது. ஊர் முன்னால் தன்னை இப்படிப் பேச வைத்துவிட்டார்களே என்று என் குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் திட்டினார். மேயர் அங்கேயே இருந்தார். தன் பெண் கல்யாணத்தன்று கரண்ட் எப்படி வந்தது என்பதை அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார். கோதுமை வீணாகக் கூடாது என்று நெத்கா அப்பாவுக்கு ஒரு தட்டு போட்டுக் கொடுத்தாள். தன் சாவுக்கு வைத்த கோதுமையை அப்பா நின்றபடியே சாப்பிட்டார். சர்க்கரை சரியாக இருப்பதாகச் சொன்னார்.

என் அறிக்கையில் "அனுமதியற்ற இயக்க முயற்சி: ஒன்று, தானாகக் கைவிடப்பட்டது" என்று எழுதினேன். "பக்க விளைவுகள்" பகுதியில் "பயனாளர் இறந்ததாக அறிவிக்கப்பட்டார்" என்று எழுதினேன். போட்டிக் குழு அந்தப் பகுதியை இரண்டு முறை படித்ததாகக் கேள்வி. கட்டத்தை மஞ்சளாக்கி, பிறந்த வருடத்தை நீக்கி, சிரிக்கிற வண்ணப் படம் போடச் சொன்னார்கள். போட்டேன். அது அக்டோபர், உள்ளாட்சித் தேர்தல் நேரம். பக்கத்துக் கிராமத்தில் மாட்டிவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன். அப்பாவுக்கு மீசையும் கொம்பும் வரைந்திருந்தார்கள். அடியில், "ரோடு எங்கேடா?" என்று எழுதியிருந்தது.

"அந்தச் சிரிக்கிறது வேணாம்," என்றார் அப்பா. "செத்ததையே குடு."

மற்ற லைன்மேன்கள் யாரும் தங்கள் படத்தைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. தரையில் மூன்று முறை துப்பிவிட்டு நகர்ந்தார்கள். அப்பா ஏற்கெனவே ஒருமுறை இறந்துவிட்டதால் அவருக்கு அந்தக் கூச்சம் போயிருந்தது. முதல் பரிசு இன்னொரு குவளைக்குப் போனது. இதற்கு மூடி உண்டு. கல்லூரியில் எனக்கு ஆறுக்கு ஐந்தரை கொடுத்தார்கள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கோட்டுக்குப் பின்னால் தேதியை அன்றன்றைக்குப் பென்சிலால்தான் எழுத வேண்டும், வீட்டுக்கு வந்ததும் அவள் கையால் அழிப்பாள். பிளாவ்டிவ் பேச்சு அத்தோடு நின்றது என்று சொல்ல முடியாது. குறைந்தது.

இந்தச் செப்டம்பரில் மறுபடி ட்ரென்கா. போய் இறங்கினால் மின்மாற்றி அறை வாசலில் ஒரு சமையலறை நாற்காலி. அதில் க்ரூதி அண்ணன், மடியில் ஒரு பாத்திரம், சுட்ட மிளகாய்க்குத் தோலுரித்துக்கொண்டு.

"நீங்க எதுக்கண்ணே இங்க?" என்றார் அப்பா.

"வேற எதுக்கு? உன் பலகையப் பாத்துட்டு வெளியூர்க்காரன் எவனாவது மெழுகுவர்த்தி வாங்கிட்டு வருவான். ஒவ்வொருத்தனுக்கும் சொல்லணும்ல, இவன் சாகலடா, வேலைதான் பாக்குறான், கதவுல கை வெக்காதேன்னு." தோலைக் கீழே உதறினார். "போ, போ. அடுப்புக்கு இன்னும் நாப்பது கிலோ இருக்கு. வாய்ப் பேச்சு வேணாம், சீக்கிரம் முடி."

கம்பத்தடியில் கயிற்றோடு நின்று அண்ணாந்து பார்த்தேன். அப்பா கவ்வியை எடுத்தார். கவ்வியைப் பார்த்தார். கவ்வியை மட்டும் பார்த்தார். ஒரே முறையில் உட்கார்ந்தது. பத்து நிமிடம் நாற்பது விநாடி. தூரத்தில் க்ரூதி அண்ணன் யாரிடமோ கத்துவது கேட்டது: "உசிரோடதான் இருக்கான்னு சொல்றேன்ல, பூவ எடுத்துட்டுப் போ!"

மாலையில் பென்சேவா மேடம் போன் செய்தார். வாசலில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகத் தகவல் வந்திருக்கிறது, அதற்குப் படிவத்தில் இடம் இல்லை, என்னவென்று எழுதுவது என்று கேட்டார்.

"மூன்றாம் நபரின் அனுமதியற்ற தலையீடு," என்றேன்.